தைப்பனி இல்லாத ஊரில் தைப்பூசம்: சிறப்புக் கட்டுரையில் அணியும் கதை சொல்லும் முறையும்

சில வருடங்களுக்கு முன்பு கோயில் ஆண்டு மலருக்காக என் மாணவி ஒருத்தி தைப்பூசத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக் கொண்டுவந்தாள். முதல் வரி இப்படி இருந்தது: "தை மாதத்துப் பனிக்காற்று உடலைத் துளைக்க, கடலெனத் திரண்ட பக்தர் கூட்டம் அரோகரா முழக்கத்துடன் அலை அலையாய் வந்தது."

பிழை ஒன்றுகூட இல்லை. ஓசையும் நன்றாக இருந்தது. ஆனால் மொரீஷியஸில் தை மாதம் உச்சிக் கோடை. பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிறோம். தார் ரோட்டில் வெறுங்காலை வைத்தால் சுடும். ரேடியோவில் புயல் எச்சரிக்கைக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கும் காலம் அது. அந்தப் பெண்ணும் காவடிக்குப் பின்னால் வெறுங்காலோடு நடந்தவள்தான்.

"கால் சுட்டதாம்மா?" என்று கேட்டேன்.

"ரொம்பச் சுட்டது ஐயா. வீட்டு வாசல்களில் இருந்து ரோட்டில் தண்ணீர் ஊற்றினார்கள். ஈரம் இருக்கும் இடமாகப் பார்த்து மிதித்து நடந்தோம்."

"அது ஏன் கட்டுரையில் இல்லை?"

"அதெல்லாம் கட்டுரையில் எழுதுகிற விஷயமா ஐயா?"

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். நம் தீவில் தமிழ் படிக்கும் பிள்ளைகளுக்கு அணி என்றால் பாடப்புத்தகத்திலிருந்து எடுத்து வைப்பது என்று ஆகிவிட்டது. காவிரி, குயில், பனி எல்லாம் புத்தகத்தோடு கப்பலேறி வந்தவை. சிறப்புக் கட்டுரைக்கு அவை உதவாது. கட்டுரைக்கான உவமை நீங்கள் போய் நின்ற இடத்தில் கிடைக்க வேண்டும். மேஜைக்குத் திரும்பி வரும்போது அது ஏற்கெனவே உங்கள் நோட்டில் இருக்க வேண்டும். இதை எப்படிச் செய்வது என்று ஒவ்வொரு படியாகப் பார்க்கலாம்.

முதல் படி: தலைப்பைக் கேள்வியாக மாற்றுங்கள்

"தைப்பூசம்" ஒரு தலைப்பு. அதை வைத்துச் செய்தி எழுதலாம், சிறப்புக் கட்டுரை எழுத முடியாது. தைப்பூசம் இங்கே அரசு விடுமுறை நாள், நடந்தது எல்லோருக்கும் தெரியும். "காவடியைத் தூக்குபவரைப் படம் எடுக்கிறோம், அதைக் கட்டிக் கொடுப்பவர் யார்?" என்பது கேள்வி. கேள்வி வந்துவிட்டால் யாரைத் தேடிப் போக வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். என் மாணவி ரோஸ் ஹில்லில் ஒரு பாட்டி வீட்டுக்குப் போனாள். அவர் வருடாவருடம் பேரப்பிள்ளைகளுக்கும் பக்கத்து வீட்டாருக்கும் காவடி ஜோடித்துக் கொடுப்பவர்.

இரண்டாம் படி: நோட்டை மூன்றாகப் பிரியுங்கள்

இந்த வழிகாட்டியில் எனக்கு மிகவும் முக்கியமான படி இதுதான். அவசரப்படாமல் சொல்கிறேன்.

அகப்பாட்டுக்கு நம் முன்னோர் வைத்த முறை உங்களுக்குத் தெரியும்: முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள். நிலமும் பொழுதும் முதல். அந்த நிலத்தில் இருக்கும் மரம், விலங்கு, உணவு, தொழில், பறை எல்லாம் கரு. மனிதருக்குள் நடப்பது உரி. இரண்டாயிரம் வருடப் பழமை என்று இதைப் பரணில் வைத்துவிட்டோம். எனக்குத் தெரிந்தவரை ஒரு நிருபருக்கு இதைவிட நல்ல குறிப்பேடு கிடையாது.

நோட்டுப் பக்கத்தில் இரண்டு கோடு போட்டு மூன்று பத்தியாக்குங்கள். முதல் பத்தியில் இடமும் நேரமும். எந்தத் தெரு, எத்தனை மணி, வெயில் எந்தப் பக்கம், காற்று உண்டா, மலை தெரிகிறதா. இங்கே பாடப்புத்தகத்தை மூடி வையுங்கள். மார்கழியும் தையும் முன்பனிக்காலம் என்று அதில் இருக்கும். தமிழ்நாட்டுக்கு அது சரி. உங்கள் நிலத்தில் என்ன பொழுதோ அதை எழுதுங்கள். இலக்கணம் கேட்பதும் அதுதான்.

நடுப்பத்தியில் பொருள்கள். பாட்டி வீட்டில் அவள் குறித்து வந்தது: மூங்கில் வளைவு, பச்சைத் தென்னங்குருத்து, ஒரு வாளியில் பூ, இரண்டு பித்தளைச் செம்பு. அந்தச் செம்பைப் பேரன் "சாம்போ" என்றான், பாட்டி "செம்பு" என்றார். அப்புறம் நாற்காலி முதுகில் மடித்துப் போட்ட உடுப்பு. அடர்ந்த ரோஜா நிறம், கண்ணைப் பறிக்கும் நிறம். நம் ஊர்க் காவடி ஊர்வலத்தை ஒரு பார்வையில் அடையாளம் காட்டுவது அந்த நிறம்தான். அவளுடைய முதல் கட்டுரையில் அது ஓர் இடத்தில்கூட இல்லை.

மூன்றாம் பத்தி உரி. அதில் நீங்கள் நினைப்பதை எழுதாதீர்கள். அவர்கள் சொன்னதையும் செய்ததையும் மட்டும் எழுதுங்கள். "பாட்டி சோகமாக இருந்தார்" என்று எழுதினால் அது உங்கள் ஊகம். "பேரன் சாம்போ என்றபோது பாட்டி அவனைத் திருத்தவில்லை. தனக்குள் செம்பு என்று ஒரு முறை சொல்லிக்கொண்டார்" என்றால் அது நடந்தது. வாசிப்பவர் மனதில் வர வேண்டியது தானாக வரும். அகப்பாட்டில் இறைச்சி என்று சொல்வதும் ஏறக்குறைய இதைத்தான். பொருளைக் காட்டிவிட்டு, அதற்கு அப்பால் இருப்பதை வாசகர் கையில் விட்டுவிடுவது.

ஒரு மணி நேரப் பேட்டிக்கு இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். ரெக்கார்டர் பேச்சைப் பிடிக்கும், விரலைப் பிடிக்காது.

மூன்றாம் படி: எண்ணைக் கண்ணுக்குக் காட்டுங்கள்

1834 முதல் 1920 வரை போர்ட் லூயிஸின் அப்பிரவாசி காட் என்ற இறங்குதுறை வழியாக வந்த ஒப்பந்தத் தொழிலாளர் கிட்டத்தட்ட 5 லட்சம் பேர். ரியூனியனுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் வேறு இடங்களுக்கும் இங்கிருந்து போனவர்களும் அதில் உண்டு. 2006-இல் அந்த இடம் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. இப்படி எழுதினால் தகவல் சரி. ஆனால் ஐந்து லட்சம் என்பதை யாராலும் மனதில் நிறுத்திப் பார்க்க முடியாது.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, தெரிந்த அளவோடு ஒப்பிடுவது. இன்றைக்குத் தீவில் இருப்பவர்கள் சுமார் 12.5 லட்சம். ஐந்து பேர் நிற்கும் பஸ் ஸ்டாப்பில் இரண்டு பேர் என்ற விகிதம். இரண்டாவது வழி ஆகுபெயர். முழுவதையும் சொல்ல முடியாதபோது அதன் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்வது. அந்த இடத்தில் கரையிலிருந்து மேலே ஏற 16 கற்படிகள் இருக்கின்றன. "பதினாறு படி" என்று ஒரு முறை காட்டிவிட்டு, பிறகு கட்டுரையில் "அந்தப் படி ஏறியவர்கள்" என்று சொன்னாலே போதும், முழு வரலாறும் கூடவே வரும். கட்டுரை முழுக்க இப்படி ஒரே ஓர் ஆகுபெயரை வளர்த்துக்கொண்டு போவது நல்லது. நான்கு வைத்தால் ஒன்றும் நிற்காது.

நான்காம் படி: காட்சியில் தொடங்கி, எதற்கு என்று சொல்லுங்கள்

செய்தியில் முக்கியமானது முதலில் வரும், போகப் போகக் குறையும். அதைத் தலைகீழ்ப் பிரமிடு என்பார்கள். சிறப்புக் கட்டுரைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒரு காட்சியில் தொடங்கலாம். ஆனால் மூன்றாவது அல்லது நான்காவது பத்திக்குள் "இதை ஏன் உனக்குச் சொல்கிறேன்" என்று வாசகருக்கு ஒரு பத்தி எழுதியே ஆக வேண்டும். நான் அதைக் கருப்பத்தி என்று சொல்லிக் கொடுக்கிறேன். அழகான காட்சிகளாக அடுக்கிவிட்டு இந்தப் பத்தியை மறந்த கட்டுரைகளை வருடத்துக்குப் பத்தாவது திருத்துகிறேன்.

ஓர் உதாரணம். நம் ரூபாய்த் தாளைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். "மொரீஷியஸ் ரூபாய்த் தாளில் தமிழ் இடம்பெற்றிருப்பது தமிழர்க்குப் பெருமை" என்று தொடங்கினால் வாசகர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். சந்தையில் தோல்பூரி என்ற பருப்பு ரொட்டி விற்பவர் மாவுக் கையை மேலங்கியில் துடைத்துவிட்டு ஒரு தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். அங்கே தொடங்குங்கள். அவர் விரலுக்குக் கீழே ஆங்கிலம், அதற்கு அடுத்து தமிழ், பிறகு இந்தி. அப்புறம் கருப்பத்தி: இந்த வரிசைக்காக இந்தத் தீவில் ஒரு போராட்டமே நடந்தது. 1998-இல் வந்த புதிய தாள்களில் இந்தி முன்னால் போய்த் தமிழ் கீழே இறங்கியது. தமிழர்கள் எதிர்த்தார்கள். அந்தத் தாள்கள் திரும்பப் பெறப்பட்டு, 1999-இல் பழைய வரிசையில் மறுபடி அச்சாயின. தினமும் கைமாறும் தாளில் யாரும் பார்க்காத ஒரு வரியின் கதை இது. இவ்வளவு போதும், வாசகர் இறுதிவரை வருவார்.

ஐந்தாம் படி: அணி

இப்போதுதான் அணிக்கு வருகிறோம். முன்னால் சொன்ன நான்கையும் செய்யாமல் நேராக இங்கே வந்தவர்கள்தான் பனிக்காற்றில் மாட்டிக்கொள்கிறார்கள்.

தண்டியலங்காரம் 35 பொருளணிகளைச் சொல்கிறது. அந்த வரிசையில் முதலில் நிற்பது தன்மையணி. உள்ளதை உள்ளபடி, அதற்குப் பொருத்தமான சொல்லால் சொல்வது. உவமை அதற்கு அடுத்துத்தான் வருகிறது. சிறப்புக் கட்டுரை எழுதுபவருக்கும் இதே வரிசையைத்தான் சொல்வேன். பத்து வாக்கியத்தில் எட்டு தன்மையணியாக இருக்கட்டும். "ஈரம் இருக்கும் இடமாகப் பார்த்து மிதித்து நடந்தோம்." இதில் ஒப்பீடு எதுவும் இல்லை. சூடு தெரிகிறது, தெரு தெரிகிறது, தண்ணீர் ஊற்றிய பக்கத்து வீட்டாரும் தெரிகிறார்கள்.

அடுத்து உவமை. தொல்காப்பியர் உவமை பிறக்கும் இடத்தை நான்காகப் பிரிக்கிறார்: வினை, பயன், மெய், உரு. செயலால் ஒத்திருப்பது, பயனால் ஒத்திருப்பது, வடிவால் ஒத்திருப்பது, நிறத்தால் ஒத்திருப்பது. புலிபோலப் பாய்வது வினை, மழைபோலக் கொடுப்பது பயன், துடிபோன்ற இடை மெய், பொன்போன்ற மேனி உரு. புதிதாக எழுதுபவர்கள் கடைசி இரண்டிலேயே நின்றுவிடுகிறார்கள், ஏனென்றால் நிறமும் வடிவமும் பார்த்த உடனே கிடைக்கும். கட்டுரையை நகர்த்துவது வினை உவமை.

என் மாணவி இரண்டாவது முறை எழுதியபோது பாட்டியின் விரல்களைப் பற்றி "காந்தள் மலர் போன்ற விரல்கள்" என்று எழுதியிருந்தாள். எழுபதைத் தாண்டியவரின் விரல்! "அவர் அந்த ஓலையை எப்படிப் பிடித்தார், செய்து காட்டு" என்றேன். அவள் மேஜையில் ஒரு தாளை வைத்து, இடது கையால் தட்டையாக அழுத்தி முன்னால் தள்ளி, வலது கையால் மறுமுனையைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். "இப்படி வேறு எங்கே செய்வார்கள்?" கொஞ்சம் யோசித்தாள். "தையல் மெஷினில் துணி தள்ளும்போது ஐயா." பிறகு அவளே சொன்னாள்: "பாட்டி துணி ஃபேக்டரியில் வேலை செய்தவர் ஐயா. இருபது வருடத்துக்கு மேலே."

அந்த நிமிடம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவள் எழுதிய வாக்கியம்: "துணியை மெஷினுக்குள் தள்ளுவதுபோலக் குருத்தோலையை இடது உள்ளங்கையால் அழுத்தித் தள்ளுகிறார். இருபது வருடம் செய்த கை அது." ஒரே உவமையில் கையின் அசைவும் வாழ்க்கையும் வந்துவிட்டன. 1970-இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்தபின் இந்தத் தீவின் பெண்கள் ஆயிரக்கணக்கில் கரும்புத் தோட்டத்தையும் அடுப்படியையும் விட்டு ஆடை ஆலைகளுக்குப் போனதும், 2005-இல் உலக அளவில் ஜவுளி ஒதுக்கீட்டு முறை முடிந்த காலத்தில் பல ஆலைகள் மூடியதும் அடுத்த பத்தியில் இயல்பாக வந்து உட்கார்ந்தன. அந்தத் தகவலுக்கு உவமை கதவைத் திறந்து வைத்திருந்தது. இப்படிக் கிடைக்கும் உவமையைத் தேடுங்கள். யாரைப் பற்றி எழுதுகிறீர்களோ அவருடைய உலகத்திலிருந்தே அவருக்கான ஒப்பீடு வர வேண்டும்.

மற்ற அணிகளில் தற்குறிப்பேற்றத்தைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுதான் ஆபத்தானது. இயல்பாக நடப்பதற்குக் கவிஞர் தன் கருத்தை ஏற்றிச் சொல்வது அது. இறுதி ஊர்வலத்தில் மழை பெய்தால் "வானமும் அழுதது" என்போம். கவிதையில் சரி. 2020 ஜூலை 25 அன்று வகாஷியோ கப்பல் தென்கிழக்குக் கரையில் பாந்த் தெஸ்னி அருகே பவளப்பாறையில் ஏறி நின்றது. ஆகஸ்ட் 6 முதல் எண்ணெய் கசிந்தது, சுமார் 1,000 டன். அதைப் பற்றி எழுதும்போது "கடல் கறுப்புக் கண்ணீர் வடித்தது" என்று வரும். கை தானாகவே எழுதிவிடும். ஆனால் அந்த வாக்கியத்தில் கப்பல் எங்கே? கரைக்கு இவ்வளவு பக்கத்தில் அதைக் கொண்டுவந்தவர்கள் எங்கே? கடல் அழுதது என்று சொன்னதும் நடந்தது இயற்கையின் சோகமாகி, பொறுப்பு ஏற்க வேண்டியவர்கள் வாக்கியத்தை விட்டே வெளியேறிவிடுகிறார்கள். எழுவாயாக யார் இருக்க வேண்டுமோ அவர்களை எழுவாயாக வையுங்கள்: கப்பல் கரையை நெருங்கியது, பாறையில் ஏறியது, எண்ணெய் கசிந்தது. பிறகு மாஹேபூர்க் மக்கள் கரும்புச் சோகையைத் துணிப்பைகளில் அடைத்து, தைத்து, கடலில் மிதக்கவிட்டார்கள். எண்ணெயை உறிஞ்சப் பெண்கள் தங்கள் கூந்தலை வெட்டிக் கொடுத்தார்கள். இதற்கு மேல் அணி எதற்கு?

உயர்வு நவிற்சியை, அதாவது மிகைப்படுத்திச் சொல்வதை, அறவே விட்டுவிடுங்கள். "கடலெனத் திரண்ட" என்பதைக் கடல் சூழ்ந்த தீவில் இருந்துகொண்டு எழுதக்கூடாது என்பது என் எண்ணம், கடல் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். சிலேடையைத் தலைப்பில் ஒரு முறை வைக்கலாம். புகழ்வதுபோல இகழும் வஞ்சப்புகழ்ச்சி வேண்டாம், நேரில் பேசி நம்பிக் கதை சொன்னவர்களை அது புண்படுத்தும்.

ஆறாம் படி: காலத்தைக் கலைத்து அடுக்குங்கள்

நிகழ்காலத்தில் ஓடும் ஒரு சிறு செயலை முதுகெலும்பாக வைத்துக்கொள்ளுங்கள். பாட்டி காவடி கட்டுகிறார். மூங்கிலை வளைப்பதில் தொடங்கிச் செம்பைக் கட்டுவதில் முடிகிறது. ஒரு பகல் வேலை. இடையில் மூன்று இடத்தில் நிறுத்திப் பின்னால் போகலாம்: ஆலை வாழ்க்கைக்கு, பாட்டியின் அம்மா காவடி கட்டிய காலத்துக்கு, பத்து நாள் விரதத்தின் முதல் நாளுக்கு. ஒவ்வொரு முறையும் கையில் உள்ள பொருள் வழியாகப் போய், அதே பொருள் வழியாகத் திரும்புங்கள். ஓலையைப் பார்த்து ஆலைக்குப் போனால், திரும்பும்போது ஓலைக்கே வாருங்கள். வாசகருக்கு வழி தவறாது.

ஏழாம் படி: கிரியோலில் கேட்டதைத் தமிழில் எழுதும்போது

இது நம் தீவுக்கே உரிய சிக்கல். பேட்டி முக்கால்வாசி தீவின் பேச்சுமொழியான கிரியோலில் நடக்கும், கட்டுரை தமிழில் வர வேண்டும். மேற்கோள் குறிக்குள் வருவது எல்லாமே மொழிபெயர்ப்புதான். அங்கே ஓர் ஆசை வரும்.

வருடா வருடம் கட்டுகிறீர்களே, எப்போதாவது முடியாமல் போனதுண்டா என்று கேட்டதற்குப் பாட்டி சொன்ன பதில்: "மோ தி ஃபாத்திகே, மோன் அசீஸே." களைப்பாக இருந்தது, உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவுதான். கட்டுரையில் அது "ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்களே, நானும் ஒரு நாள் சோர்ந்துபோனேன்" என்று வந்திருந்தது. தமிழாக்கம் நன்றாக வர வேண்டும் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் பாட்டி சொல்லாத பழமொழியைப் பாட்டி வாயில் போடக்கூடாது. கதாசிரியருக்கு அந்த உரிமை உண்டு, நமக்கு இல்லை. "களைப்பாக இருந்தது, உட்கார்ந்துட்டேன்" என்றே எழுதச் சொன்னேன். அந்தச் சின்ன வாக்கியத்தில் அவர் குரல் இருக்கிறது.

இதோடு சேர்ந்தது இன்னொன்று. ஒருவர் மனதுக்குள் என்ன நினைத்தார் என்று எழுதுவதானால், "அப்போது என்ன நினைத்தீர்கள்?" என்று அவரிடமே கேட்டிருக்க வேண்டும். இரண்டு பேரைச் சேர்த்து ஒரு பாத்திரம் ஆக்குவதும், வேறு நாளில் நடந்ததை இந்த நாளில் வைப்பதும் கூடாது. எதை எங்கே வைப்பது, எதை விடுவது என்பதில்தான் நம் கலை. கிரியோல் சொல் ஒன்றிரண்டை அப்படியே விடலாம். "சாம்போ" என்ற சொல்லை நான் திருத்தவிடவில்லை. பேரனின் வாயில் அது செம்பின் இன்னொரு உருவம்.

எட்டாம் படி: உரக்கப் படித்து வெட்டுங்கள்

எழுதி முடித்ததும் ஒரு நாள் ஆறவிட்டு, வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். பிறகு ஒவ்வொரு அணியாக விரலை வைத்து ஒரு கேள்வி கேளுங்கள்: இதே வரியைப் பழனியிலோ டர்பனிலோ பத்துமலையிலோ இருந்து ஒருவர் எழுதியிருக்க முடியுமா? முடியும் என்றால் எடுத்துவிடுங்கள். முதல் வரைவில் பாதி போய்விடும், பயப்பட வேண்டாம்.

முடிவை "இத்தகைய பாரம்பரியத்தைக் காப்பது நம் கடமை" என்று கட்ட வேண்டாம். நீங்கள் பின்தொடர்ந்த செயல் முடியும் இடத்தில் கட்டுரையும் முடியட்டும். மாணவியின் மூன்றாவது வரைவு இப்படி முடிந்தது, அதை அப்படியே மலரில் போட்டோம்:

"விடிய இன்னும் நேரம் இருந்தது. இரண்டு செம்பிலும் பால் ஊற்றியாயிற்று. வாழை இலைத் துண்டை வாயில் வைத்து மூடி, நூலை மூன்று சுற்றுச் சுற்றி, பல்லால் கடித்து அறுத்தார் பாட்டி. கோர்-தெ-கார்த் மலைப் பக்கம் இன்னும் இருட்டாகவே இருந்தது. 'தூக்கிப் பார்' என்றார் பேரனிடம். அவன் தூக்கினான். ஒரு பக்கம் சாய்ந்தது. இறக்கச் சொல்லி, முடிச்சை அவிழ்த்து, மறுபடி கட்டத் தொடங்கினார்."